ஒரு வரி மாற, முழுத் திரையும் அழிய வேண்டுமா?

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் மளிகைக் கடையில் பத்துப் பேர் பார்த்திருக்க, ஒரு பாட்டி தலைகுனிந்து நின்றார். அதற்குக் காரணம் நான் எழுதிய செயலி.

எங்கள் ஊர் லாயாங் லாயாங். ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையில் ரயில் பாதையோரமாக இருக்கும் சின்ன ஊர். மலாயில் 'லாயாங் லாயாங்' என்றால் பட்டம். தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அப்பாவின் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள்; மீதிப் பேர் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். சம்பள நாளுக்குச் சம்பள நாள் கணக்கு முடிப்பது வழக்கம். அதுவரை எல்லாம் 555 புத்தகத்தில்தான்.

555 புத்தகம் தெரியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்காது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டுப் புத்தகம். கடையில் ஒன்று, வாடிக்கையாளர் கையில் ஒன்று. அரிசி, எண்ணெய், பால் டின் என்று இரண்டிலும் ஒரே மாதிரி எழுதிக்கொள்வார்கள். அதுதான் எங்கள் ஊரின் கிரெடிட் கார்டு.

நான் ஜொகூர் பாருவில் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வந்ததால், பெரிய எழுத்தில் கணக்கைக் காட்டும் செயலி ஒன்றை இரண்டு வார இறுதிகளில் எழுதி, பழைய டேப்லெட் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். அப்பாவும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பாட்டி கணக்கு முடிக்க வந்தார். டேப்லெட்டைப் பார்த்து, "63 வெள்ளி 90 காசு, ஆயா" என்றார் அப்பா. பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து தன் 555 புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அதில் 45 வெள்ளி 50 காசு.

"முதலாளி, அந்த எண்ணெயும் மாவும் நான் வாங்கவே இல்லியே" என்றார். குரல் மெதுவாக வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாங்கியதை இல்லை என்று சொல்கிறவர் என்ற பெயரை அவர் எழுபது வயதுக்கு மேல் எடுக்க வேண்டுமா?

அப்பா ஒரு நொடி யோசித்தார். "உங்க புத்தகம்தான் சரி ஆயா" என்று 45.50 மட்டும் வாங்கிக்கொண்டார். அன்று மாலை நான் ஊருக்கு வந்தபோது டேப்லெட் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. மேசை மேல் புதிய 555 புத்தகம்.

அப்பா திட்டவில்லை. "நான் புத்தகத்துல ஒரு வரி எழுதினா, மத்த வரியெல்லாம் எழுந்து ஓடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

எங்கே தப்பு நடந்தது?

அன்று இரவு கடை அடைத்த பிறகு, அப்பா எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தொட்டு, தொகையைப் போட்டு, 'சேமி' என்பதை அழுத்தினார். திரை முழுதும் அரை நொடி வெள்ளையானது. பிறகு நாற்பது சொச்சம் பெயர்களும் புதிதாக வந்து உட்கார்ந்தன. கடைசியாகக் கணக்கு எழுதப்பட்டவர் பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தார். அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி கீழே இறங்கியிருந்தார்கள்.

நான் அதை வசதி என்று நினைத்துத்தான் செய்தேன். அடிக்கடி வருபவர் மேலே இருந்தால் தேட வேண்டாம் அல்லவா? ஆனால் அப்பாவின் விரலுக்குத் தனி ஞாபகம் உண்டு. அடுத்த வாடிக்கையாளரின் பெயர் சற்று முன் எங்கே இருந்ததோ அங்கேதான் அது போகும். கடையில் கூட்டம் இருக்கும்போது, திரை வெள்ளையாக இருக்கும் அந்த அரை நொடியிலேயே விரல் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தில் இப்போது வேறு பெயர். அப்படித்தான் யாரோ வாங்கிய 18 வெள்ளி 40 காசு, பட்டியலில் அவருக்கு ஒரு படி மேலே இருந்த பாட்டியின் கணக்கில் ஏறியிருக்கிறது.

மாறியது ஒரே ஒரு தொகை. அதற்காக நான் முழுத் திரையையும் அழித்து மறுபடி வரைந்திருந்தேன். எழுதுவதற்குச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எது மாறியது என்று யோசிக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் அழி, எல்லாவற்றையும் வரை.

அந்த டேப்லெட்டின் திரையில் குறுக்கே 800, நெடுக்கே 1,280 புள்ளிகள். மொத்தம் 10 லட்சத்து 24 ஆயிரம். ஒருவரின் வரி 60 புள்ளி உயரம். அதாவது 48,000 புள்ளிகள். திரையில் ஐந்து விழுக்காடு கூட இல்லை. அந்த ஐந்து விழுக்காட்டுக்காக மீதி தொண்ணூற்றைந்தையும் கலைத்திருக்கிறேன்.

நாற்பது ஆண்டுக் கதை

இது புதிய சிக்கல் இல்லை. திரையில் ஜன்னல்கள் வந்த நாளிலிருந்தே இருக்கிறது.

1984இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மெக்கின்டோஷ் கணினியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு படம் அதைப்போல் பல மடங்கு பெரியது. திரையில் 512க்கு 342 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்கள் கிடக்க வேண்டும். மேலே இருப்பதை நகர்த்தினால் கீழே மறைந்திருந்தது உடனே தெரிய வேண்டும். மறைந்த பகுதிகளை எல்லாம் நினைவகத்தில் சேர்த்து வைக்க இடமில்லை. ஒவ்வொரு தடவையும் முழுத் திரையை வரையவும் அந்தக் கணினிக்கு வேகமில்லை.

இதற்கு வழி கண்டவர் பில் அட்கின்சன். நகர்த்தியதால் புதிதாக வெளிப்பட்ட பகுதி எது என்பதை மட்டும் கணக்கிட்டு, அது எந்தக் கோணல் வடிவமாக இருந்தாலும், அதற்குள் மட்டும் வரையும் முறையை அவர் உருவாக்கினார். அந்தப் பகுதிகளுக்கு 'ரீஜன்' என்று பெயர். 1979இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அங்கே இதைப் பார்த்ததாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் ஜெராக்ஸ்காரர்கள் அதைச் செய்திருக்கவே இல்லை. யாரோ செய்துவிட்டார்கள், நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கையிலேயே அவர் அதைச் செய்து முடித்தார்!

வேலை நடந்துகொண்டிருந்த நாள்களில் அவருக்குப் பெரிய கார் விபத்து ஏற்பட்டது. மருத்துவமனையில் பார்க்க வந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம், ரீஜன் எப்படி எழுதுவது என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கவலைப்படாதே என்று அவர் சொன்னதாக உடன் பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளில் இந்த ஒரு வித்தை அவ்வளவு முக்கியம்.

விண்டோஸும் அதே வழியில்தான் போனது. 'இந்தச் சதுரம் பழசாகிவிட்டது' என்று செயலி சொல்லும். விண்டோஸ் அப்படி வரும் சதுரங்களைச் சேர்த்து வைத்து, நேரம் கிடைக்கும்போது அவற்றை மட்டும் வரையச் சொல்லும்.

இணையம் வந்தபோது மறுபடி பழைய கதை. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் வெள்ளையாகி மீண்டும் வரும். 2004இல் வந்த ஜிமெயிலும் 2005இல் வந்த கூகள் வரைபடமும் அந்தப் பழக்கத்தை உடைத்தன. வரைபடத்தை இழுத்தால் புதிதாக வேண்டிய துண்டுகள் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டன. பக்கம் அப்படியே நின்றது. அதே 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்பவர் அந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்று புலனத்தில் ஒரு செய்தி வந்தால் அந்த உரையாடல் மட்டும் மேலே நகர்வதும், முகநூலில் விருப்பக் குறியை அழுத்தினால் அந்த எண் மட்டும் கூடுவதும் நமக்கு இயல்பாகிவிட்டது. கவனிப்பதே இல்லை.

தமிழ் எழுத்து சொல்லும் பாடம்

மாறியதை மட்டும் வரை என்று சொல்வது எளிது. 'மாறியது எது' என்பதுதான் கேள்வி. அதற்குத் தமிழை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பா வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில்தான் உள்ளிடுவார். செல்லினம் வைத்திருக்கிறார். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செயலி அது. கணினிக்கு முரசு அஞ்சல் கொடுத்த அவர், 2005இல் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் செல்லினத்தை அறிமுகப்படுத்தினார். இன்று ஆப்பிள் கணினிகளில் இருக்கும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான்.

ஆங்கில ஒலிப்படி 'கொ' தட்டச்சு செய்வதைப் பாருங்கள். முதல் விசைக்கு 'க்' வரும். அடுத்த விசையைத் தட்டியதும் என்ன நடக்கிறது? மேலே இருந்த புள்ளி மறைகிறது. இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு முளைக்கிறது. வலப்பக்கம் கால் வந்து நிற்கிறது. நடுவில் இருந்த 'க' தன் இடத்தை விட்டு நகர்கிறது. தட்டியது ஒரு விசை. திரையில் மாறியதோ மூன்று நான்கு இடம்.

ஆங்கிலத்தில் புதிய எழுத்தைக் கடைசியில் ஒட்டினால் போதும் என்று எண்ணி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் தமிழைச் சிதைத்துக் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருங்குறி முறையில் கணினியின் சேமிப்பில் 'க' முதலிலும் 'ஒ'கரக் குறி அதன் பின்னாலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. ஆகவே விசையைக் கணக்கில் எடுக்காமல், முழு எழுத்தையும் ஓர் அலகாக எடுத்துத்தான் வரைய வேண்டும். நம் தொல்லிலக்கணம் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகத்தான் எண்ணியது. கணினி அந்த இடத்துக்கு வந்துசேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

திருத்தினேன், மறுபடி தப்பினேன்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே உட்கார்ந்து செயலியைத் திருத்தினேன். பெயர்கள் அகர வரிசையில் நிலையாக நின்றன. தொகை சேர்ந்ததும் அந்த வரி மட்டும் மாறும். ஒரு நொடி இளமஞ்சளாகி அடங்கும், எங்கே எழுதினோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. திரை வெள்ளையாகவில்லை. எதுவும் குதிக்கவில்லை. அப்பாவும் பத்துத் தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்றார்.

மூன்று நாள் கழித்து அழைத்தார். "மேல இருக்கிற மொத்தக் கணக்கு உதைக்குதேம்மா. நான் கையால கூட்டிப் பார்த்தேன்."

உதைத்ததற்குக் காரணம் உடனே புரிந்தது. முன்பு எல்லாவற்றையும் அழித்து வரைந்தபோது மொத்தத் தொகையும் தானாகப் புதிதாக வந்தது. இப்போது வரியை மட்டும் மாற்றச் சொன்ன நான், உச்சியில் இருந்த மொத்தத்தையும் மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். வரி சரி, மொத்தம் பழசு. ஒரே திரையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உண்மைகள்.

பகுதி பகுதியாக மாற்றுவதில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். இதனோடு சேர்ந்து வேறு என்னென்ன மாற வேண்டும் என்று எழுதுகிறவருக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் திரை பொய் சொல்லும். மிகப் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் முகநூலில் படிக்காத செய்தி ஒன்று இருப்பதாக எண் காட்டும். திறந்தால் ஒன்றும் இருக்காது. திருத்துவார்கள், சில நாளில் திரும்ப வரும். 2014இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே மேடையில் இதை விளக்கினார்கள். ஒரே தகவல் திரையின் பல இடங்களில் தெரிய, அவை தனித்தனியே மாற்றப்பட்டதால் வந்த வினை அது.

அவர்கள் 2013இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட 'ரியாக்ட்' என்ற கருவி இதற்கு வேறு விதமான விடை சொல்கிறது. எது மாறியது என்று மனிதர் பட்டியல் போட வேண்டாம். திரை இப்போது எப்படி இருக்க வேண்டும் என்று முழுதாகச் சொன்னால் போதும். கருவி அதை மனத்துக்குள் வரைந்து, முந்தைய வரைவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் உண்மையான திரையில் மாற்றும். எழுதுகிறவருக்கு முழுதாக வரையும் எளிமை. பார்க்கிறவருக்குத் திரை கலையாத நிம்மதி.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் கொடுக்க வேண்டும். 'மூன்றாவது வரி' என்ற அடையாளம் உதவாது. வரிசை மாறினால் மூன்றாவது ஆளும் மாறிவிடுவார். 'இன்னாருடைய வரி' என்று இருக்க வேண்டும். இடத்தை நம்பி ஆளை அடையாளம் கண்டதுதான் அப்பாவின் விரல் செய்த தவறு. அப்படிச் செய்ய வைத்தது என் தவறு.

செயலியை இந்த முறையில் மறுபடி எழுதினேன். மூன்று வார இறுதிகள் பிடித்தன.

உங்கள் கைப்பேசியில்

இது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான விஷயமில்லை. செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென விளம்பரம் ஒன்று நுழைந்து, நீங்கள் தொட நினைத்தது கீழே போய், வேறு ஒன்றைத் தொட்டிருப்பீர்கள். கூகள் நிறுவனம் 2020இல் இணையப் பக்கங்களின் தரத்துக்கு அறிவித்த அளவுகோல்களில் இந்தக் குதிப்பும் ஒன்று. குதிப்பின் அளவு 0.1க்குள் இருந்தால்தான் அந்தப் பக்கம் நல்ல பக்கம்.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை. அவர்களுக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், பக்கம் முழுவதும் புதிதாகிவிட்டால் எங்கே நின்றது என்பதை இழந்து முதலிலிருந்து தொடங்கக்கூடும். மாறிய பகுதியை மட்டும் அடையாளம் காட்டினால், அதை மட்டும் வாசித்துவிட்டுத் தொடரும்.

வீட்டில் வயதானவர்கள் வங்கிச் செயலி பயன்படுத்தினால் இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, திரை அசைந்துகொண்டிருக்கும்போது விரலை வைக்கக் கூடாது. நின்ற பிறகுதான் தொட வேண்டும். இரண்டு, பணம் அனுப்புமுன் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பட்டியலில் அது எந்த இடத்தில் இருந்தது என்ற ஞாபகத்தை நம்பக் கூடாது. இளைய தலைமுறையில் செயலி எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதியதை உங்கள் கையில் மட்டும் சோதிக்காதீர்கள். கூட்டம் நிறைந்த கடையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு கையில் சில்லறையோடு நிற்கிறவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர் வழியாகப் போன ஒற்றைத் தண்டவாளத்தை மின்சார இரட்டைத் தண்டவாளமாக மாற்றியபோது, பக்கத்தில் புதிய பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நான் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி. என் வேலையும் அதுதான் என்று தோன்றவே இல்லை.

அந்தப் பாட்டி

அந்த 18 வெள்ளி 40 காசுக்கு உரியவர் அடுத்த வாரமே வந்து, "என் கணக்குல குறையுதே" என்று அவரே சொல்லிக் கட்டிவிட்டுப் போனார். நான் பாட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். தப்பு உங்களுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை, நான் எழுதியதில்தான் என்றேன். "நீ என்ன எழுதினியோ எனக்கென்ன தெரியும் புள்ள? என் புத்தகம் என்கிட்ட இருந்துச்சு, அது போதும்" என்றார்.

புதிய செயலி இப்போது இரண்டு மாதமாகக் கடையில் ஓடுகிறது. பக்கத்திலேயே 555 புத்தகமும் இருக்கிறது. இரண்டிலும் எழுதி, மாதக் கடைசியில் அப்பா ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதுவரை உதைக்கவில்லை. போன வாரம் பாட்டி வந்தபோது அப்பா டேப்லெட்டிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க, பாட்டி தன் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அப்பா இன்னொரு வேலை கொடுத்தார்.

"தொகையை மாத்தினா பழசு மறைஞ்சு போயிடுது. புத்தகத்துல நான் பழசை அடிச்சிட்டுப் பக்கத்துல புதுசு எழுதுவேன். என்ன மாத்தினேன்னு ஆயாவுக்கும் தெரியும். அது மாதிரி வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்த வார இறுதிக்கு அதுதான் வேலை.